ஆணியும் கடல்நீரும்: மரக்கலங்களைக் காத்த கைவினையின் வரலாறு



நம் முன்னோர் திரைகடலோடித் திரவியம் தேடியவர்கள் என்று மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என்று துறைமுகங்களை வரிசைப்படுத்துகிறோம். முத்தும் சங்கும் துணியும் ஏற்றிச் சென்றதையும், குதிரையும் பேரீச்சையும் இறக்கி வந்ததையும் எழுதுகிறோம். மரைக்காயர் என்னும் பெயரிலேயே மரக்கலம் இருக்கிறது என்று மகிழ்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் மிதந்த அந்தக் கலங்களின் பலகைகள் எவ்வாறு பிரியாமல் நின்றன? இரும்பைத் தின்றுவிடும் கடலில் இரும்பாணிகள் எவ்வாறு தாக்குப் பிடித்தன?

இது தச்சருக்கும் கொல்லருக்கும் மட்டும் உரிய சிறிய செய்தியன்று. ஒரு கலத்தில் ஏறிய நூறு பேரின் உயிர், யார் கண்ணுக்கும் தெரியாமல் பலகைக்குள் புதைந்து கிடக்கும் ஆணியின் உறுதியைப் பொறுத்தே இருந்தது. அந்த ஆணியைக் காக்க மனிதர் கண்ட வழிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

ஆணியில்லாக் கலங்கள்

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் பன்னெடுங்காலம் ஆணியே இல்லாத கலங்கள்தாம் ஓடின. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்துக் கட்டுவது வழக்கமாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வணிகக் கையேடே இத்தகைய தைத்த கலங்களைக் குறிப்பிடுகிறது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம் சீனப் பீங்கான்களைச் சுமந்து சென்றது. அதன் பலகைகளும் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

ஏன் ஆணி அடிக்கவில்லை? இதற்குப் பழங்காலத்தில் மூன்று விடைகள் கூறப்பட்டன.

முதலாவது விடை ஒரு கட்டுக்கதை. கடலில் காந்தமலை ஒன்று உண்டு, ஆணியடித்த கப்பல் அருகே சென்றால் ஆணிகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு மலையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அது. ஆயிரத்தொரு இரவுகள் கதைகளிலும் இந்த மலை வருகிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்கோப்பியஸ் என்னும் வரலாற்றாசிரியர் இதை அப்போதே மறுத்துவிட்டார். இரும்பு மிகுதியாக உள்ள ரோமானியக் கப்பல்கள் செங்கடலில் யாதொரு தீங்குமின்றி ஓடுகின்றனவே என்பது அவருடைய வாதம்.

இரண்டாவது விடை அதே புரோக்கோப்பியஸ் கூறியது. இந்தியரிடம் இரும்பு இல்லை, அதனால்தான் கயிற்றால் கட்டுகின்றனர் என்றார். இது முற்றிலும் தவறு. ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்கள் நம் நாட்டில் இரும்புத் தொழில் எவ்வளவு பழமையானது என்பதைக் காட்டுகின்றன. தென்னிந்திய உருக்கு வெளிநாடுகளிலும் பெயர் பெற்றிருந்தது. வாள் செய்யத் தெரிந்தவனுக்கு ஆணி செய்யத் தெரியாமற் போகுமா?

மூன்றாவது விடையைப் பத்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-மஸ்ஊதி கூறுகிறார். மத்தியதரைக் கடலில் ஆணியடித்த கப்பல்கள் ஓடுகின்றன. ஆனால் இந்தியப் பெருங்கடலின் நீர் இரும்பைக் கரைத்து, ஆணிகளை மெலிந்து வலுவிழக்கச் செய்துவிடுகிறது. ஆகவே அங்குள்ளோர் நாரினால் தைத்து, கொழுப்பும் சுண்ணாம்பும் பூசுகின்றனர் என்பது அவர் தரும் விளக்கம். நாம் அறிந்தவரை, ஆணி துருப்பிடிப்பதைக் கப்பல் கட்டும் முறையோடு இணைத்துப் பேசிய மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. வெப்பமும் உப்பும் மிகுந்த நீரில் அரிப்பு விரைந்து நிகழும் என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது.

இத்துடன் இன்னொரு காரணமும் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவிலும், பின்னர் மதுரை சுல்தானின் ஆட்சியிலிருந்த தமிழ்க் கரையிலும் தங்கிச் சென்ற இப்னு பதூதா அதைக் கூறுகிறார். பாறை மிகுந்த இக்கடலில் ஆணியடித்த கலம் மோதினால் உடைந்துவிடும். தைத்த கலமோ வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். சென்னைக் கரையில் துறைமுகம் அமையும் முன்னர் பேரலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளும் இதே காரணத்தால் கயிற்றால் தைக்கப்பட்டவையே.

திருக்குர்ஆனின் 54-ஆம் அத்தியாயத்தில் நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைக் குறிக்கும் இடத்தில் பலகைகளோடு 'துஸுர்' என்னும் சொல் வருகிறது. பெரும்பாலான விரிவுரையாளர்கள் இதற்கு ஆணிகள் என்றே பொருள் கொண்டனர். அரபு அகராதிகளோ கப்பற்பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்னும் பொருளையும் சேர்த்தே தருகின்றன. ஆணி, கயிறு ஆகிய இருவகைப் பிணைப்பையும் அரபுக் கடலோடிகள் அறிந்திருந்தனர் என்பதற்கு இந்தச் சொல்லே ஒரு சான்று.

தைத்த கலமும் தவறாத காவலும்

கயிற்றுக் கலத்திற்கும் பராமரிப்பு வேண்டும். 1183-இல் ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், செங்கடலின் ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்குக் கடக்கும் கலங்களை நேரில் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். அவற்றுக்கு மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தது. தேங்காய் மட்டையை அடித்துத் திரித்த கயிற்றால் தைத்து, இடுக்குகளைப் பேரீச்ச மரச் சிம்புகளால் அடைத்து, நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ ஊட்டினர். அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார் அவர். எண்ணெய் ஊறிய மரமும் நாரும் நெகிழ்ந்து கொடுக்கும், நீரையும் ஏற்காது.

அதே இடத்தில் அவர் மனம் நொந்து எழுதிய செய்தியும் உண்டு. கலத்தின் சொந்தக்காரர்கள் ஹாஜிகளைக் கோழிக்கூட்டில் அடைப்பதுபோல் ஒருவர்மீது ஒருவராக ஏற்றினர். ஒரே பயணத்தில் கலத்தின் விலை கைக்கு வந்துவிட்டால் போதும், பிறகு அது என்ன ஆனாலும் கவலையில்லை என்பது அவர்கள் எண்ணம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் குறிப்பை நாம் மறக்கலாகாது. கைவினை எவ்வளவு சிறந்ததாயினும், அதைப் பேணுபவரிடம் நேர்மை இல்லையெனில் அழிவது பயணியின் உயிரே.

ஆணியின் வருகை

உமையா ஆட்சிக்காலத்தில் இராக்கின் ஆளுநராயிருந்த ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃபே ஆணியடித்துக் கீல் பூசிய கப்பல்களை அக்கடலில் முதலில் ஓடவிட்டவர் என்று அல்-ஜாஹிழ் என்னும் அரபு எழுத்தாளர் குறிப்பிடுகிறார். அம்முயற்சி பரவலாகவில்லை. மறுபுறம், சீனர் தம் பெருங்கப்பல்களை இரும்பாணிகளாலேயே கட்டினர். 1974-இல் சீனாவின் சுவான்சௌ நகரருகே அகழ்ந்தெடுத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலில் இரும்பாணிகள் இருந்தன. சணல், சுண்ணாம்பு, தூங்க மரத்தின் விதையெண்ணெய் ஆகியவற்றை இடித்துக் குழைத்த சாந்தினால் இடுக்குகளும் ஆணித்தலைகளும் மூடப்பட்டிருந்தன. இத்தகைய சீனக் கப்பல்கள் கோழிக்கோடு வரை வந்தன. ஆணியை மூடிக் காக்கும் கலை கிழக்கில் அப்போதே தேர்ந்த நிலையில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

1498-இல் வாஸ்கோ ட காமாவுடன் வந்தவர்கள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஆணியில்லாத பெருங்கலங்களைக் கண்டு வியந்தனர். அதன் பின்னர் பீரங்கி ஏற்றிய ஐரோப்பியக் கப்பல்களை எதிர்கொள்ளவும், அதிகச் சுமை ஏற்றவும் உறுதியான கூடு தேவைப்பட்டது. படிப்படியாக அரபுக் கலங்களிலும் மலபார் உருக்களிலும் நம் கரையின் தோணிகளிலும் இரும்பாணி இடம் பிடித்தது. கயிற்றோடு போராடிய ஓடாவி இப்போது துருவோடு போராட வேண்டியதாயிற்று.

ஆணி எவ்வாறு கெடுகிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் வேண்டும். கடல்நீரில் கரைந்துள்ள உப்பு இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. ஆணியின் தலை வெளியே நனைந்தும் காற்றுப் பட்டும் கிடக்கிறது. அதன் தண்டோ ஈரமான பலகைக்குள் காற்றின்றிப் புதைந்திருக்கிறது. ஒரே ஆணியின் இரு பகுதிகள் இவ்வாறு வேறு வேறு நிலையில் இருப்பதாலேயே அதனுள் மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, காற்றுக் குறைந்த பகுதி அரிபடுகிறது. அதனால்தான் வெளியே தலை நன்றாகத் தோன்றும் ஆணியும், பிடுங்கிப் பார்த்தால் நடுவில் இளைத்துப் போயிருக்கும். குறிப்பாக, பலகையும் வங்கும் சேரும் இடத்தில் நீர் தேங்குவதால் அங்கேதான் ஆணி முதலில் மெலியும்.

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்ளும். ஆகவே அது வீங்கி மரத்தைப் பிளக்கிறது. பிளவில் மேலும் நீர் புகுகிறது. மரமும் தன் பங்குக்குத் தீங்கு செய்யும். துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் இரும்பு பட்டால் ஆணியைச் சுற்றிக் கருவளையம் தோன்றும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சினார்களே, அதே வினைதான் பலகைக்குள்ளும் நிகழ்கிறது. ஐரோப்பியரின் ஓக் மரத்தில் இந்தத் துவர்ப்பும் புளிப்பும் அதிகம். நம் தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. அது இரும்பை அவ்வளவாகத் தாக்குவதில்லை. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டிய கப்பல்கள் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். 1817-இல் அங்கே நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

கைவினைஞர் செய்த காவல்

இந்த வேதியியல் எதையும் ஏட்டில் படிக்காத ஓடாவியும் கொல்லரும் அனுபவத்தால் கண்ட முறைகளை இனி வரிசையாகக் காண்போம்.

முதலாவது, துளை. ஆணியை நேராகப் பலகையில் அடிப்பதில்லை. வில்லால் இழுக்கும் துறப்பணத்தால் ஆணியின் பருமனைவிடச் சற்றுக் குறுகலாகத் துளையிட்ட பின்னரே அடிப்பர். இதனால் மரம் வெடிக்காது. ஆணிக்கும் மரத்துக்கும் இடையில் நீர் புக வழியும் இராது.

இரண்டாவது, நார்ச்சுற்று. எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியையோ நாரையோ ஆணித்தலைக்குக் கீழே சுற்றி அடிப்பர். தலை உள்ளிறங்கும்போது அந்தச் சுற்று நசுங்கித் துளையின் வாயை அடைத்துக்கொள்ளும். அரபுக் கரையிலும் மலபாரிலும் இம்முறை பரவலாக வழங்கியது. அற்பமாகத் தோன்றும் இந்தத் திரியே ஆணியின் முதற் காவலாளி.

மூன்றாவது, மூடல். தலையைப் பலகையின் மட்டத்திற்குக் கீழே இறக்கி, அந்தக் குழியைச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்த சாந்தினாலோ குங்கிலியத்தைக் காய்ச்சி எண்ணெயில் கலந்த பசையினாலோ அடைப்பர். நீரும் காற்றும் ஆணியை அணுகாவிடில் துருவுக்கு வழியில்லை. சுண்ணாம்பிற்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் காரத்தன்மை இரும்பின் மேற்பரப்பில் துருவைத் தடுக்கிறது. நம் வீட்டுக் கான்கிரீட் தளத்திற்குள் கிடக்கும் கம்பி, சிமெண்டின் காரம் குன்றாதவரை துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

நான்காவது, கலப்பற்று. பலகைகளுக்கு இடைப்பட்ட வெடிப்பில் எண்ணெய் தோய்ந்த பஞ்சைத் திணித்து இறுக்கும் வேலைக்கு நம் கரையில் கலப்பற்று என்று பெயர். போர்த்துக்கீசியத்திலும் அரபியிலும் இதற்கு ஒத்த ஒலியுடைய சொற்கள் உண்டு. கடல் வழியே சரக்கு மட்டுமன்றித் தொழிற்சொல்லும் பயணம் செய்திருக்கிறது. பலகையிடுக்கு உலர்ந்திருந்தால்தான் அதன் அருகிலுள்ள ஆணியும் உலர்ந்திருக்கும். ஆகவே கலப்பற்றும் ஆணிக்காவலின் ஓர் உறுப்பே.

ஐந்தாவது, பூச்சு. நீர்மட்டத்திற்கு மேலே மீனெண்ணெய் பூசுவர். கீழே சுண்ணாம்பையும் உருக்கிய கொழுப்பையும் குழைத்துக் கையாலேயே அப்புவர். இதன் முதல் நோக்கம் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவையும் ஒட்டும் சிப்பிகளையும் தடுப்பது. எனினும் ஆணித்தலைகளுக்கும் அது கவசமாயிற்று. 1938-39-இல் குவைத் நாட்டுப் பாய்க்கலம் ஒன்றில் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியர், மாலுமிகள் கலத்தை வற்றுநீரில் சாய்த்து இப்பூச்சைப் பூசிய காட்சியைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

ஆறாவது, ஓய்வும் சோதனையும். பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் கலத்தைக் கரையேற்றிவிடுவர். சிப்பியைச் சுரண்டி, பலகையை உலர்த்தி, துருநீர் வழிந்த தடத்தையும் கருவளையத்தையும் தேடுவர். சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பர். ஐயத்துக்குரிய ஆணியை மாற்றுவர். மற்ற ஐந்து முறைகளும் பயன் தருவது இந்த ஆறாவது முறை தவறாமல் நடந்தால்தான்.

இந்த வேலைகளைச் செய்தவர்கள் யாவர்? கலம் மரைக்காயருடையதாயினும், ஏராக்கட்டையை நிறுத்திப் பலகை சேர்த்தவர்களில் பலர் இந்துத் தச்சர்கள். ஆணி அடித்துக் கொடுத்தவர் கொல்லர். தூத்துக்குடித் தோணித் தொழிலில் கத்தோலிக்கப் பரதவர் முன்னின்றனர். பேப்பூரில் தச்சர்கள் கட்டிய உருவைக் கடலில் இறக்கியவர்கள் மாப்பிள்ளைக் கலாசிகள். ஒருவர் கை வேலையை நம்பி மற்றவர் கடலில் இறங்கினார். இந்த நம்பிக்கையையும் நம் கடல் வரலாற்றின் செல்வமாகவே நாம் எண்ண வேண்டும்.

செம்புத் தகடு தந்த பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கப்பற்புழுவைத் தடுக்க ஒரு புதிய வழி கண்டனர். 1761-இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லிய செம்புத் தகட்டால் வேய்ந்தனர். அது மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியபின் 1763-இல் ஆராய்ந்தபோது புழு தாக்கவில்லை. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் பல இற்றுக் களிமண்போல் ஆகியிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணி நன்றாயிருந்தது. காரணம் எளியது. செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அங்கே யாரோ அகற்றாமல் விட்டிருந்தனர். ஒரு துண்டுக் காகிதம் இரு உலோகங்களைப் பிரித்து நின்றதால் இரும்பு பிழைத்தது.

இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால், அவற்றுள் வீரியம் மிகுந்தது கரைந்து மற்றதைக் காக்கும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. இதன் அறிவியல் விளக்கம் அக்காலத்தில் இல்லை. ஆயினும் காகிதம் கூறிய பாடம் கண்முன்னே இருந்தது. அதைச் சரியாக உள்வாங்காமலேயே, அமெரிக்கப் போரின் நெருக்கடியில் 1779 முதல் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்கெல்லாம் விரைந்து செம்பு வேய்ந்தது. காகிதமும் பூச்சும் போதும் என்று நம்பியது. கப்பல்கள் வேகம் பெற்றன. உள்ளே இரும்புப் போல்ட்டுகள் மெல்லக் கரைந்தன. 1782 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலொன்றில் பல கப்பல்கள் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, இந்தப் போல்ட்டுகள்மீது எழுந்திருந்த ஐயம் வலுத்தது. அதன் பின்னரே நீர்மட்டத்திற்குக் கீழே இரும்பை நீக்கிச் செம்புக் கலவைப் போல்ட்டுகளை இடும் முடிவு உறுதியாயிற்று. 1763-இல் கண்ட உண்மையை ஏற்றுச் செயற்பட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கொச்சியில் கட்டிய கப்பலும் டேவியின் சோதனையும்

இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம் என்று 1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞர் அறிவித்தார். செம்புத் தகட்டோடு சிறிய துத்தநாகக் கட்டியையோ இரும்புக் கட்டியையோ இணைத்தால், அக்கட்டி தான் கரைந்து செம்பைக் காக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இதைச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல்களுள் 'சமராங்' ஒன்று. அது நம் அண்டை நிலமான கொச்சியில் தேக்கினால் கட்டப்பட்டது. இரும்புக் கட்டிகள் பொருத்தப்பட்டு அது நோவா ஸ்கோஷியா சென்று 1825 ஜனவரியில் திரும்பியது. செம்பு அரிபடவில்லை. ஆனால் செம்பு சிறிதளவு கரைந்தால்தான் அதன் நஞ்சு சிப்பியை விரட்டும். கரைவது நின்றதும் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும் தொல்லை இம்முறையில் தோன்றியது. கடற்படை சில ஆண்டுகளுக்குள் இம்முறையைக் கைவிட்டது.

ஆனால் டேவியின் கருத்து அழியவில்லை. 1837-இல் பிரான்சில் சோரெல் என்பவர் உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஜி.ஐ. என்று வழங்கும் கால்வனைஸ்டு ஆணி அவ்வாறு பிறந்தது. துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. இன்று இரும்புக் கப்பல்களின் அடியிலும் சுக்கானிலும் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிகளும் டேவியின் கருத்தின் வழிவந்தவையே.

இயந்திர காலத்தின் புதிய ஆபத்து

1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் செயற்படத் தொடங்கிய பின்னர், மேற்குக் கரையிலும் நம் கரையிலும் மரப்படகுகளில் இயந்திரம் ஏறியது. இயந்திரத்துடன் வெண்கலச் சுழலி, எஃகுத் தண்டு, பித்தளைக் குழாய், மின்கலம் ஆகியனவும் வந்தன. ஒரே ஓர் உலோகம் இருந்த கலத்தில் நான்கைந்து உலோகங்கள் குடியேறின. 'அலாரம்' கப்பலில் நிகழ்ந்தது சிறிய படகிலும் நிகழ இது வழிவகுத்தது. கொச்சியில் 1957-இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இச்சிக்கலை ஆராய்ந்து, செம்புத் தகட்டுக்கு மாற்றாக அலுமினியக் கலவைத் தகட்டையும் உலோகக் காப்புக் கட்டிகளையும் பரிந்துரைத்தது.

இன்றும் மரக்கலம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய சில செய்திகளைத் தொகுத்துக் கூறுகிறோம். பழுது பார்க்கும்போது கையில் கிடைத்த ஆணியை அடிப்பது பெருந்தவறு. இரும்பாணி அடித்த பலகையில் செம்பாணியோ பித்தளைத் திருகாணியோ கலக்கலாகாது. பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கழன்றுபோய், சிவந்து பொடியும் செம்புக்கூடு மட்டும் எஞ்சும். ஆகவே நீர்மட்டத்திற்குக் கீழே அதை நம்பக்கூடாது. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதும், காற்றுப் புகாத ஈரமரத்துக்குள் புதைந்தால் ஆங்காங்கே குழிவிழுந்து அரிபடும். காப்புக் கட்டியும் அளவறிந்து வைக்க வேண்டியது. அளவுக்கு மீறிப் பொருத்தினால் ஆணியைச் சுற்றி உண்டாகும் காரம் மரத்தையே மென்மையாக்கிக் கெடுக்கும். அடிக்கும் ஆணி நன்கு முக்கியெடுத்த கால்வனைஸ்டு ஆணியாயிருக்கட்டும். ஓடாவி சுற்றச் சொல்லும் எண்ணெய்த் திரியைப் பழைய பழக்கம் என்று ஒதுக்காதிருக்கட்டும்.

நாம் இழந்துகொண்டிருப்பது

கண்ணாடி இழைப் படகுகள் வந்தபின் மரக்கலம் கட்டும் பந்தல்கள் நம் கரையில் அருகிவிட்டன. அதற்காக யாரையும் குறைகூற இயலாது. மரத்தின் விலையும் பராமரிப்புச் செலவும் அப்படி. ஆனால் ஒரு கைவினை மறைந்தால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 1980-இல் டிம் செவெரின் என்பவர் ஓமானிலிருந்து சீனத்திற்குப் பழைய முறையில் ஒரு கலம் ஓட்ட விரும்பியபோது, கயிற்றால் தைக்கத் தெரிந்தவர்களை இலட்சத்தீவின் அகத்தியிலிருந்து வரவழைக்க நேர்ந்தது. ஆணியில்லாத அவருடைய 'ஸோஹார்' 1981 ஜூலையில் காண்டன் நகரை அடைந்தது. பெலிதுங் கலத்தை மாதிரியாகக் கொண்டு ஓமானில் கட்டிய 'மஸ்கட் மாணிக்கம்' 2010-இல் கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றது. அத்தீவு மக்களின் கைகளில் அந்தத் தையல் எஞ்சியிராவிடில் 'ஸோஹாரை' எவ்வாறு தைத்திருக்க முடியும்?

நம் தோணிகளின் ஆணிக்கலைக்கு அத்தகைய அகத்தி எது? அதை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். எந்த மரத்திற்கு எந்த எண்ணெய், குங்கிலியம் எந்தப் பதத்தில் இறங்க வேண்டும், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை ஆணியைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பவை எழுதப்படாமல் கைவழியாகவே வந்தவை. கைகள் ஓய்ந்தால் அறிவும் ஓய்ந்துவிடும்.

ஆகவே ஜமாஅத் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. உங்கள் இல்லங்களில் பழைய கலங்களின் கணக்கேடுகள் இருக்கலாம். மரம், ஆணி, எண்ணெய், பஞ்சு வாங்கிய செலவும், ஓடாவிக்கும் கொல்லருக்கும் கொடுத்த கூலியும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அரபுத் தமிழில் இருப்பதால் படிக்கத் தெரியவில்லை என்று பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஆலிம்களிடம் காட்டுங்கள். கலத்தில் சென்ற பெரியவர்களும், கலம் கட்டிய தச்சர் குடும்பத்தாரும் இன்னும் நம்மிடையே இருப்பின், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், அருகிலமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். பரணில் கிடக்கும் துறப்பணமும் கலப்பற்று உளியும் துருவேறிய சதுர ஆணியும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் நம் பிள்ளைகளின் கைக்கு ஒருமுறை வந்து சேரட்டும். அது எதற்காக, எவ்வாறு பயன்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.